நன்கொடையா, உரிமையா? பிரித்தானிய முதியோரின் பஸ் அட்டையின் வரலாறு

2019 ஜனவரி 17 ஆம் திகதி பிற்பகல், இங்கிலாந்தின் நோர்போக் பிராந்தியத்தில், அரச குடும்பத்துக்குரிய சன்றிங்ஹாம் மாளிகைக்கு அண்மையில் ஒரு வீதி விபத்து நிகழ்ந்தது. பக்க வீதியிலிருந்து பிரதான வீதிக்கு ஏறிய லான்ட் ரோவர் வாகனமொன்று கியா கார் ஒன்றுடன் மோதிப் புரண்டது. லான்ட் ரோவரைச் செலுத்தியவர் எலிசபெத் மகாராணியாரின் கணவர் பிலிப். அப்போது அவருக்கு வயது 97. அவர் பாரிய காயமெதுவுமின்றி மீட்கப்பட்டார். மற்றக் காரில் வந்த பெண்கள் இருவர் காயமடைந்தனர். அதே காரில் இருந்த ஒன்பது மாதக் குழந்தைக்கு எதுவும் நேரவில்லை. மூன்று வாரங்களின் பின்னர், பெப்ரவரி 9 ஆம் திகதி, கோமகன் தமது சாரதி அனுமதிப்பத்திரத்தைத் தாமாகவே கையளித்துவிட்டார் என அரண்மனை அறிவித்தது.

எத்தனை வயதுவரை ஒருவர் வாகனம் செலுத்தலாம் என்ற கேள்வி அந்நாட்களில் பிரித்தானியப் பத்திரிகைகளில் பரபரப்பாக விவாதிக்கப்பட்டது. கண்பார்வை, கைகால்களின் வேகம், நினைவாற்றல் என்று பல கோணங்களில் கருத்துகள் எழுந்தன. ஆனால் அவற்றோடு சேர்த்துக் கேட்டிருக்க வேண்டிய இன்னொரு கேள்வி அதிகம் பேசப்படவில்லை. சாவியைக் கையளித்த மனிதர் மறுநாள் காலையில் எப்படி வெளியே போவார்? மகாராணியாரின் கணவருக்கு இந்தக் கேள்வி எழாது. அவருக்குச் சாரதிகள் இருந்தனர். ஓய்வூதியத்தில் வாழும் ஒரு சாதாரண மனிதருக்கோ, வைத்தியரிடம் செல்வது, சந்தைக்குச் செல்வது, நண்பரின் மரணச் சடங்கில் கலந்துகொள்வது ஆகிய அனைத்தும் இக்கேள்விக்கான விடையிலேயே தங்கியிருக்கின்றன.

பிரித்தானியா இக்கேள்விக்குக் கண்ட விடை ஒரு சிறிய அட்டை. முதியோர் கட்டணமின்றிப் பஸ்ஸில் செல்வதற்கான அனுமதி அது. இன்று அந்நாட்டில் இவ்வட்டையில் கைவைக்க எந்த அரசியல் கட்சியும் எளிதில் துணிவதில்லை. ஆயினும் ஒரு காலத்தில் நீதிமன்றம் அதனைச் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்திருந்தது என்பதைப் பலர் அறியார். அரை நூற்றாண்டுக்கும் மேலாக நீண்ட அந்த வரலாறு, முதுமையை ஓர் அரசு எவ்வாறு நோக்குகிறது என்பதையும் சொல்கின்ற வரலாறாகும்.

முதலில் வாகனம் செலுத்துவோரின் கதையைப் பார்ப்போம். பிரித்தானியாவில் சாரதி அனுமதிப்பத்திரம் 1903 ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டத்தின் மூலம் அறிமுகமாகி, 1904 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. ஐந்து ஷில்லிங் கட்டணம் செலுத்தினால் போதும். எவ்விதப் பரீட்சையும் இல்லை. சாரதிப் பரீட்சை கட்டாயமானது 1935 ஜூன் மாதத்தில்தான். அதுவும் 1934 ஏப்ரலுக்குப் பின்னர் வாகனம் செலுத்தத் தொடங்கியோருக்கு மட்டுமே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பரீட்சைகள் நிறுத்தப்பட்டிருந்தன. எனவே போருக்குப் பிந்திய தசாப்தங்களில் முதுமையடைந்த சாரதிகள் பலர், தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் பரீட்சைக்குத் தோற்றாதவர்கள்.

1970களின் நடுப்பகுதியிலிருந்து அனுமதிப்பத்திரம் 70 வயதுவரை செல்லுபடியாகும் என்ற ஏற்பாடு வந்தது. எழுபதைக் கடந்ததும் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கும் பரீட்சை கிடையாது. என் உடல்நிலை வாகனம் செலுத்தத் தகுந்ததாக உள்ளது, என் கண்பார்வை போதுமானது என்று விண்ணப்பதாரர் தாமே உறுதிப்படுத்தினால் போதும். முதியோருக்குக் கட்டாயக் கண் பரிசோதனை வேண்டும் என்ற கோரிக்கை அண்மைய ஆண்டுகளில் வலுப்பெற்றுள்ளது. எவ்வாறாயினும், நிறுத்துவதா தொடர்வதா என்ற முடிவின் பெரும்பகுதி இன்றுவரை அந்த முதியவரின் மனச்சாட்சியிடமே விடப்பட்டிருக்கிறது. அவர் தம் மனச்சாட்சியை விசாரிக்கும்போது, தெருமுனையில் பஸ் வருகிறதா இல்லையா என்பதும் அந்த விசாரணையில் ஒரு சாட்சியாக நிற்கும்.

1950களின் தொடக்கத்தில் இப்பிரச்சினை இவ்வடிவில் இருக்கவில்லை. காரணம், அக்காலத்து முதியோரிற் பெரும்பாலானோரிடம் காரும் இல்லை, அனுமதிப்பத்திரமும் இல்லை. அது பிரித்தானியப் பஸ்களின் பொற்காலம். ஆண்டொன்றுக்குச் சுமார் 1,600 கோடி பயணங்கள் பஸ்களில் மேற்கொள்ளப்பட்டன. பெருநகரங்களின் பஸ்களை மாநகர சபைகளே சொந்தமாக நடத்தின. பேர்மிங்ஹாம் அவற்றுள் முக்கியமானது. தன் கடைசி ட்ராம் வண்டியை 1953 ஜூலையில் நிறுத்திவிட்டு, முழுக்க முழுக்கப் பஸ் நகரமாக அது மாறியிருந்தது.

அந்தப் பேர்மிங்ஹாம் மாநகர சபைதான் முதியோருக்கு இலவசப் பயணம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. எழுபது வயதைக் கடந்த ஆண்களும், அறுபத்தைந்தைக் கடந்த பெண்களும், வார நாட்களில், நெரிசலற்ற குறிப்பிட்ட நேரங்களில், மாநகர சபையின் பஸ்களில் கட்டணமின்றிச் செல்லலாம் என்பது திட்டம். வெறுமையாக ஓடும் ஆசனங்களில் முதியோர் அமர்வதால் எவருக்கு என்ன இழப்பு என்று நாம் கேட்கலாம். ஆனால் அதனால் ஏற்படும் வருமான இழப்பை மாநகர சபையின் வரிப்பணத்திலிருந்து ஈடுசெய்ய வேண்டியிருந்தது. பிரெஸ்கொட் என்ற வரியிறுப்பாளர் ஒருவர் இதனை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தார்.

1954 நவம்பர் 30 ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநகர சபை தோற்றது. தீர்ப்பின் சாரம் இதுதான்: மாநகர சபை வரியிறுப்பாளர்களின் பணத்தைக் கையாளும்போது, பிறருடைய சொத்தைப் பொறுப்பேற்றவருக்குரிய கடமையுணர்வோடு நடந்துகொள்ள வேண்டும். குறிப்பிட்ட ஒரு பிரிவினர் உதவிக்குத் தகுதியானவர்கள் என்று தான் கருதுவதற்காக, ஏனையோரின் செலவில் அவர்களுக்கு நன்கொடை வழங்க அதற்கு அதிகாரமில்லை. பஸ் சேவையை நடத்துவதற்கே சட்டம் அதற்கு அதிகாரமளித்திருக்கிறது, தருமம் செய்வதற்கன்று.

நன்கொடை என்ற அந்த எண்ணத்தில்தான் இவ்வரலாற்றின் முடிச்சு இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் உழைத்து, வரி செலுத்தி, அதே நகரத்தின் பஸ்களில் ஐம்பது ஆண்டுகள் கட்டணம் கொடுத்துச் சென்ற ஒருவர், முதுமையில் ஒரு பிற்பகல் வேளையில் வெறும் ஆசனத்தில் அமர்வது பிறர் கொடுக்கும் தானமா? அவர் ஏற்கெனவே செலுத்தியதன் ஒரு பங்கா? நீதிமன்றம் முன்னையதே என்றது. சட்டத்தின் எழுத்தை வைத்துப் பார்த்தால் நீதியரசர்கள் தவறிழைத்தனர் என்று சொல்வதற்கில்லை. அதிகாரம் தரும் சட்டம் அன்று இருக்கவில்லை. ஆகவே பிரச்சினை பாராளுமன்றத்துக்குச் சென்றது.

1955 இல் பாராளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அது ஒரு விசித்திரமான சட்டம். தீர்ப்பு வந்த தினமான 1954 நவம்பர் 30 இல் எந்தெந்த உள்ளூராட்சி சபைகள் இத்தகைய சலுகைகளை வழங்கிக்கொண்டிருந்தனவோ, அவை மட்டும் தொடர்ந்து வழங்கலாம் என்று அது கூறியது. புதிதாகத் தொடங்க எவருக்கும் அனுமதியில்லை. இதன் விளைவாக, ஒரு நகரத்து முதியவர் சலுகையோடு பயணம் செய்ய, பக்கத்து நகரத்து முதியவர் முழுக்கட்டணம் செலுத்தினார். இருவரும் ஒரே வயதினர், ஒரே ஓய்வூதியம் பெறுபவர். அவர்களிடையே இருந்த வேறுபாடு, ஒரு குறிப்பிட்ட திகதியில் தங்கள் நகரசபை என்ன செய்துகொண்டிருந்தது என்பது மட்டுமே. இந்த அநீதி பத்தாண்டுகள் நீடித்தது. 1964 இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தவுடன் நிறைவேறிய சட்டமே, சொந்தமாகப் பஸ் நடத்தும் எல்லா உள்ளூராட்சி சபைகளுக்கும் சலுகை வழங்கும் அதிகாரத்தைக் கொடுத்தது.

அப்போதும் கிராமங்கள் வெளியே நின்றன. அங்கு மாநகர சபைப் பஸ்கள் கிடையா. கம்பனிப் பஸ்களே ஓடின. 1968 ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம், பிற நிறுவனங்களின் பஸ்களிலும் முதியோருக்குச் சலுகை வழங்கி, அதற்கான செலவை உள்ளூராட்சி சபைகள் ஈடுசெய்யலாம் என்று வழிவகுத்தது. சட்டம் கிராமத்தை அடைந்தது. ஆனால் அதே வேளையில் வண்டிகள் கிராமத்தைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன.

1963 மார்ச்சில் வெளியான டொக்டர் றிச்சர்ட் பீச்சிங்கின் அறிக்கை, சுமார் 5,000 மைல் ரயில் பாதையையும் 2,363 நிலையங்களையும் மூடிவிடப் பரிந்துரைத்தது. அவை அனைத்தும் மூடப்படாவிடினும் பெரும்பாலானவை மூடப்பட்டன. ரயிலுக்குப் பதிலாகப் பஸ் வரும் என்று கூறப்பட்டது. பல இடங்களில் வந்த பஸ்ஸும் சில ஆண்டுகளில் நின்றுபோனது. கார் வாங்கியவர்கள் பஸ்ஸை விட்டனர்; பஸ்ஸில் ஆட்கள் குறைந்ததால் சேவைகள் குறைந்தன; சேவைகள் குறைந்ததால் இன்னும் பலர் கார் வாங்கினர். இச்சுழலில் அகப்பட்டு எஞ்சியவர்கள் கார் வாங்க முடியாதோரும், கார் செலுத்தத் தெரியாதோரும், கார் செலுத்தும் வயதைக் கடந்தோருமே.

இக்காலத்தில் நாட்டுப்புறங்களில் தோன்றிய ஒரு சிறிய முயற்சியைக் குறிப்பிட வேண்டும். 1967 பெப்ரவரியில் வேல்ஸ் நாட்டின் லாங்கூரிக், லானிட்லோஸ் ஆகிய ஊர்களுக்கிடையே தபால் திணைக்களம் ஒரு வண்டியை ஓட்டியது. தபால் பைகளோடு பயணிகளையும் ஏற்றிச் சென்ற தபால் பஸ் அது. கடிதம் எப்படியும் அந்த ஊருக்குச் சென்றாக வேண்டும். அதே வண்டியில் ஒரு மூதாட்டியும் வைத்தியரிடம் போய்வரட்டும் என்ற எளிய சிந்தனை அது. பின்னர் ஸ்கொட்லாந்தின் மலைப்பகுதிகள் உட்படப் பல இடங்களுக்கு அது பரவி, அரை நூற்றாண்டு காலம் ஓடி, 2017 இல் முற்றாக நின்றுபோனது.

தலைநகரின் கதை வேறு. பெரும் இலண்டன் மன்றம் 1973 இல் முதியோருக்கு, நெரிசலற்ற நேரங்களில், பஸ்களில் இலவசப் பயணத்தை வழங்கியது. பின்னர் சுரங்க ரயில் உட்பட ஏனைய சேவைகளுக்கும் விரிந்து 'ஃப்ரீடம் பாஸ்' என்ற பெயரில் இன்று வழங்கும் அட்டையின் தொடக்கம் அதுதான். அட்டைக்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்தவர் எவராயினும் அவர் முதுமையை அறிந்தவராக இருத்தல் வேண்டும்.

ஆயினும் 1954 ஆம் ஆண்டுத் தீர்ப்பின் நிழல் இலண்டனையும் விட்டுவைக்கவில்லை. 1981 இல் கென் லிவிங்ஸ்ரன் தலைமையில் இயங்கிய மன்றம், பொதுப் போக்குவரத்துக் கட்டணங்களை எல்லோருக்குமாக ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைத்தது. புரொம்லி நகரசபை இதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. புரொம்லி வாசிகள் சுரங்க ரயில் இல்லாத புறநகரில் வாழ்பவர்கள். தங்கள் வரிப்பணம் மற்றையோரின் பயணத்துக்குச் செல்கிறது என்பது முறைப்பாடு. அவ்வாண்டு டிசம்பரில் பிரபுக்கள் சபையின் சட்டப் பிரபுக்கள் கட்டணக் குறைப்பைச் சட்டவிரோதம் என்றனர். வரியிறுப்பாளருக்கு மன்றம் கொண்டுள்ள கடமை என்ற அதே பேர்மிங்ஹாம் தத்துவம் மீண்டும் அங்கு ஒலித்தது. 1982 மார்ச்சில் இலண்டன் கட்டணங்கள் ஏறக்குறைய இருமடங்காயின. மன்றமும் 1986 இல் கலைக்கப்பட்டது. ஆனால் முதியோர் அட்டை தப்பிப் பிழைத்தது. இலண்டனின் நகரசபைகள் கூட்டாகச் செலவைப் பொறுப்பேற்றன. கட்டணக் குறைப்பை எதிர்த்து வழக்காடிய நகரசபையும் அவற்றுள் ஒன்று என்பது கவனத்திற்குரியது.

அதே 1986 இல், ஒக்டோபர் 26 ஆம் திகதி, இலண்டனுக்கு வெளியே பஸ் சேவைகள் மீதான கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன. மார்கிரட் தட்சரின் அரசாங்கம் 1985 இல் நிறைவேற்றிய சட்டத்தின்படி, எந்த நிறுவனமும் தான் விரும்பிய பாதையில் பஸ் ஓட்டலாம். இலாபமில்லாத பாதையைக் கைவிடலாம். கைவிடப்பட்ட பாதை சமூகத்துக்குத் தேவை என்று உள்ளூராட்சி சபை கருதினால், அதற்குப் பணம் கொடுத்து ஓட்டுவிக்கலாம். போட்டி வந்தால் சேவை பெருகும் என்றனர். நகரின் பிரதான வீதிகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பஸ்கள் அணிவகுத்தன. மாலை வேளைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கிராமப் பாதைகளில் அவை காணாமற்போயின.

அட்டையின் வரலாறோ மேல்நோக்கியே சென்றது. 2000 ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம், இங்கிலாந்தின் உள்ளூராட்சி சபைகள் அனைத்தும் முதியோருக்குக் குறைந்தபட்சம் அரைக் கட்டணச் சலுகை வழங்கியே தீர வேண்டும் என்றது. அதாவது, 1954 இல் சபைகளுக்கு மறுக்கப்பட்டது, 1964 இல் அனுமதிக்கப்பட்டது, இப்போது அவற்றின் கட்டாயக் கடமையானது. பெண்களுக்கு 60 வயதிலும் ஆண்களுக்கு 65 வயதிலும் சலுகை என்றிருந்த வேறுபாடு, ஆணொருவர் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம்வரை சென்றதையடுத்து 2002 ஆம் ஆண்டின் சட்டத்தினால் நீக்கப்பட்டு, இருபாலாருக்கும் 60 என்றானது. வேல்ஸ் 2002 ஏப்ரலிலேயே நாடளாவிய இலவசப் பயணத்தை வழங்கிவிட்டது. ஸ்கொட்லாந்து 2006 இல் அதனைத் தொடர்ந்தது. இங்கிலாந்தில் 2006 இல் அவரவர் பகுதிக்குள் இலவசம் என்றும், 2008 ஏப்ரல் முதலாம் திகதி முதல் நாடு முழுவதும் இலவசம் என்றும் ஆனது. வார நாட்களில் காலை 9.30 இலிருந்து இரவு 11 மணிவரை, விடுமுறை நாட்களில் நாள் முழுவதும் அட்டை செல்லும்.

காலை 9.30 ஆகச் சில நிமிடங்கள் இருக்கையில் பஸ்ஸில் ஏறி, 'டூ ஏர்லியா?' என்று சாரதியிடம் கேட்கும் முதியோருக்கு 'டுவேர்லி' என்று செல்லப் பெயரே உண்டு. நேரத்துக்கு முன்னரே வந்து நிற்பவர் என்று பொருள். நகைச்சுவையாயினும் அதில் ஓர் உண்மையுண்டு. அவர்கள் வெளியே போகக் காத்திருக்கிறார்கள்.

அட்டை கையில் இருந்தும் ஏற முடியாத காலமும் இருந்தது. இலண்டனின் அடையாளமாகப் போற்றப்பட்ட 'ரூட்மாஸ்ரர்' பஸ்ஸின் திறந்த பின்வாசலும், உயரமான படியும், பற்றிக்கொள்ளும் கம்பமும் அஞ்சலட்டைகளில் அழகாகத்தான் இருந்தன. முழங்கால் வலியுள்ள ஒருவருக்கு அந்தப் படி ஒரு மதில். 1994 அளவில் தாழ்தளப் பஸ்கள் இலண்டனில் ஓடத் தொடங்கின. தரிப்பிடத்தில் ஒருபுறமாகச் சாய்ந்து தாழ்ந்து கொடுக்கும் பஸ்கள் பின்னர் வழமையாயின. 2005 டிசம்பரில் வழமையான சேவையிலிருந்து ரூட்மாஸ்ரர் விடைபெற்றபோது கண்ணீர் விட்டோர் பலர். 2017 ஜனவரிக்குள் நாட்டின் உள்ளூர்ச் சேவைப் பஸ்கள் அனைத்தும் இயலாதோர் ஏறத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்று சட்டம் வகுக்கப்பட்டது. கட்டணத்தை நீக்கிய சட்டங்களுக்கு இணையான முக்கியத்துவம், படியைத் தாழ்த்திய இந்தச் சட்டத்துக்கும் உண்டு.

இவ்வாறு 2008 அளவில் முதியோரின் பயணம் நன்கொடை என்ற நிலையிலிருந்து உரிமை என்ற நிலைக்கு உயர்ந்துவிட்டது. ஆயினும் அவ்வுரிமை ஒரு பஸ்ஸில் ஏறும் உரிமையே. பஸ் வரவேண்டும் என்று கேட்கும் உரிமை அதில் இல்லை. 2010 இன் பின்னர் வந்த அரசாங்கங்கள் உள்ளூராட்சி சபைகளுக்கான நிதியை வெட்டின. அட்டை சட்டப்படி கட்டாயம்; அதனை வெட்ட முடியாது. ஆதரவுச் சேவைகள் எனப்படும், சபைகள் பணம் கொடுத்து ஓட்டுவிக்கும் பஸ்கள் கட்டாயமல்ல, அவற்றை வெட்டலாம். வெட்டினர். கிராமப்புறங்களில் பல மூதாட்டிகளின் கைப்பைகளில் அட்டை பத்திரமாக இருக்கிறது. வீதியில் பஸ் இல்லை.

வயதெல்லையும் உயர்ந்தது. 2010 முதல் இங்கிலாந்தில் அட்டைக்கான வயது, பெண்களின் அரச ஓய்வூதிய வயதோடு இணைக்கப்பட்டு, படிப்படியாக ஏறி, 2020 இல் 66 ஆனது. ஓய்வூதிய வயது 67 ஆக உயரும்போது இதுவும் உயரும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் அது 60 ஆகவே இருக்கிறது. இலண்டன் தன் குடிகளுக்கு இவ்விடைவெளியை நிரப்ப 2012 இல் தனி அட்டையொன்றை வழங்கியது. 1955 இல் இரு நகரங்களிடையே இருந்த வேறுபாடு, இப்போது இங்கிலாந்துக்கும் ஏனைய மூன்றுக்குமிடையே வேறு வடிவில் நிற்கிறது.

இதற்கிடையே முதியோரும் மாறிவிட்டனர். 1970களின் நடுப்பகுதியில், 70 வயதைக் கடந்தோரில் சுமார் 15 சதவீதத்தினரிடமே சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தது. அவ்வயதுப் பெண்களில் அது சுமார் 4 சதவீதம் மட்டுமே. இன்று அவ்வயதினரில் பாதிக்கும் மேற்பட்டோர் அனுமதிப்பத்திரம் உள்ளவர்கள். அன்றைய மூதாட்டி கணவரின் காரில் பக்கத்து ஆசனத்தில் இருந்தவர். கணவரின் கண் மங்கிய நாளில், அல்லது அவர் மறைந்த நாளில், அவருடைய பயணமும் முடிந்தது. இன்றைய மூதாட்டி தாமே செலுத்துபவர். ஆகவே இழப்பு குறைந்துவிட்டது என்று எண்ணத் தோன்றும். உண்மையில் இழப்பு சற்றுத் தள்ளிப்போயிருக்கிறது. ஐம்பது ஆண்டுகள் காரிலேயே பழகி, பஸ் தரிப்பிடம் இல்லாத புறநகர் வீதியில் வீடு வாங்கியவருக்கு, எண்பதாவது வயதில் சாவியை வைப்பது முன்னைய தலைமுறையினர் அறியாத கடினமான முடிவு. பஸ்ஸில் செல்வதும் ஒரு பழக்கமே. எந்த இலக்கம் எங்கே போகும், எந்தத் தரிப்பிடத்தில் இறங்கி மாற வேண்டும் என்பதை எண்பது வயதில் புதிதாகக் கற்பது இலகுவானதன்று.

இது எம்மவர்களையும் தொடும் விடயம். 1983 இன் பின்னர் இலண்டனுக்கு வந்த ஈழத்தமிழ் இளைஞர்கள் பலர் எரிபொருள் நிலையங்களிலும் கடைகளிலும் வாடகைக் கார்களிலும் உழைத்து நிலைபெற்றனர். அன்று இருபத்தைந்து வயதில் வந்தவர் இன்று எழுபதை அண்மித்துவிட்டார். அவர்களைத் தொடர்ந்து வந்த பெற்றோரின் தலைமுறையோ வேறு. அவர்களுள் பெரும்பாலோர் கார் செலுத்தியவர்களல்லர். யாழ்ப்பாணத்தில் சைக்கிளிலும் பஸ்ஸிலும் திரிந்தவர்கள். ரூட்டிங்கில் வசித்த ஒரு தாய் ஹைகேற் முருகன் கோயிலுக்குச் செல்ல மகனின் விடுமுறை நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ரூட்டிங் புரோட்வேயில் ஏறினால் அதே நோர்தேர்ண் பாதை கோயிலுக்கு அண்மையிலுள்ள ஆர்ச்வே நிலையத்தில் இறக்கிவிடும். ஆங்கிலம் அதிகம் அறியாத எத்தனையோ அம்மாமாரும் அப்பாமாரும் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெம்பிளிக்கும் ஈஸ்ட்ஹாமுக்கும் போய் மரக்கறி வாங்கி வந்தனர். பிள்ளைகளிடம் எதையும் கேட்காமல் வெளியே போய் வரக்கூடிய முதுமை எவ்வளவு கண்ணியமானது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அவர்களுடைய பிள்ளைகளே இப்போது முதியோராகின்றனர். அவர்களுட் பலர் வசதி பெருகியதும் நகரின் விளிம்புக்கும் அதற்கு அப்பாலும் பெரிய வீடு வாங்கிச் சென்றவர்கள். அங்கு ஒவ்வொரு வீட்டின் முன்னும் இரண்டு கார்கள் நிற்கின்றன. பெற்றோருக்கு வாசலில் வந்து நின்ற பஸ், பிள்ளைகளின் வீதிக்கு வருவதில்லை. கனடாவிலும் இதே நிலைதான். ஒன்ராறியோ மாகாணத்தில் 80 வயதானதும் சாரதிகள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கண் பரிசோதனைக்கும் வகுப்புக்கும் சென்றே அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க முடியும். அங்கு புறநகர்களில் பரந்து வாழும் எம்மவரும் இந்த வாசலுக்கு வந்தே ஆகவேண்டும். வீடு வாங்கும்போது பாடசாலை எங்கே, கோயில் எங்கே என்று விசாரிக்கும் நாம், பஸ் தரிப்பிடம் எங்கே என்று விசாரிப்பது குறைவு.

பிரித்தானியாவில் காற்று சற்றுத் திசைமாறியிருக்கிறது. பெரும் மன்செஸ்ரர் 2023 செப்டெம்பர் முதல் தன் பஸ்களைப் படிப்படியாக மீண்டும் பொதுக் கட்டுப்பாட்டின்கீழ்க் கொண்டுவந்து, 2025 ஜனவரியில் அதனை நிறைவுசெய்தது. உள்ளூராட்சி சபைகள் புதிதாகப் பஸ் நிறுவனம் தொடங்குவதற்கு 2017 இல் விதிக்கப்பட்டிருந்த தடை, 2025 ஆம் ஆண்டின் சட்டத்தினால் நீக்கப்பட்டது. பஸ் பாதையைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஊர்மக்களின் சபைகளுக்குத் திரும்பும் வாய்ப்பு உருவாகியிருக்கிறது. அது கிராமத்து வீதிகள்வரை போய்ச் சேருமா என்பதைப் பணமே தீர்மானிக்கும்.

இந்த எழுபது ஆண்டுகளில் சட்டங்கள் யாவும் முதியவரைப் பார்த்து இரண்டு கேள்விகளையே கேட்டிருக்கின்றன. உன் வயதென்ன என்று பஸ் சட்டம் கேட்டது. உன் கண் தெரிகிறதா என்று அனுமதிப்பத்திரச் சட்டம் கேட்டது. இவ்விரு சட்டங்களும் ஒன்றையொன்று அறியாதனபோல் தனித்தனியே வளர்ந்தன. வாகனம் செலுத்த இயலாதவரை வீதியிலிருந்து விலக்குவது அவசியம். காயமுற்ற அந்தப் பெண்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால் எழுபது வயதினரின் கண்களைப் பரிசோதிக்க விரும்பும் அரசு, அவர்கள் வாழும் வீதியின் பஸ் நேர அட்டவணையையும் அதே வேளையில் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். பஸ் வரும் வீதியில் ஒருவர் சாவியைக் கையளிப்பது புத்திசாலித்தனம். பஸ் வராத வீதியில் அது வீட்டுக்காவல்.